சாட்சியைத் திரும்ப வாங்கிய ஞாயிறு

எங்கள் சபையில் பிரசங்கத்தைவிடச் சாட்சிக்குத்தான் மவுசு. பாஸ்டர் பேசும்போது கைப்பேசியைத் தடவிக்கொண்டிருப்பவர்கள்கூட, யாராவது எழுந்து "ஒரு சின்னச் சாட்சி சொல்லணும்" என்றால் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். சின்னது என்று ஆரம்பித்த எந்தச் சாட்சியும் எனக்குத் தெரிந்து சின்னதாக முடிந்ததில்லை. ஆண்டவர் தனக்குச் செய்த நன்மையைச் சபையறியச் சொல்வதுதான் சாட்சி. வேலை கிடைத்தது, பிள்ளை பிறந்தது, காய்ச்சல் விட்டது, எதுவானாலும் சொல்லலாம். முடித்ததும் கைதட்டல், அல்லேலூயா, மேளம். ஆண்டவர் செய்யாததைச் சொல்வதற்கு மட்டும் யாரும் நேரம் ஒதுக்கியதில்லை.

பாடாங் செராயில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் கூடுகிறோம். கெடா மாநிலத்தில் வெள்ளி, சனிதான் விடுமுறை, ஞாயிறு வேலை நாள் என்பதால் ஆராதனை சாயங்காலம்தான். தொழிற்சாலைச் சீருடையோடு வருகிறவர்களும் உண்டு, நான் உட்பட. கையுறைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். ஓட்டை இருக்கிற கையுறையை ஒதுக்கிப் போடுவது என் வேலை. அந்தப் புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டதென்று என் கணவர் சொல்வார். அவர் எதைச் சொன்னாலும் அதில் ஓட்டை எங்கே என்று தேடுகிறேனாம். அவர் செம்பனைப் பழக்குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறவர். சபையில் டோலக் வாசிப்பார், பாடுவார். அவர் பாட ஆரம்பித்தால் கீழே டயர் மாற்ற வந்தவர்கள்கூட அண்ணாந்து பார்ப்பார்கள். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

அவருக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, உண்டு. லாரிக்காரர்களில் பாதிப் பேருக்கு உண்டு. உட்கார்ந்தே வேலை, வழியெல்லாம் சீனிப்பால் ஊற்றிய தேநீர், தே தாரிக். அரசாங்க கிளினிக்கில் கொடுக்கும் மாத்திரையை முணுமுணுத்துக்கொண்டே விழுங்குவார்.

ஆண்டுத் தொடக்கத்தில் சபையில் மூன்று நாள் உபவாச ஜெபம் வைப்பார்கள். போன ஆண்டு அவரும் உபவாசம் இருப்பேன் என்றார். "ஒங்களுக்கு இருக்கிற வியாதிக்கு இது ஆகாதுங்க" என்று தடுத்துப் பார்த்தேன், கேட்கவில்லை. பகல் முழுக்கத் தண்ணீர், ராத்திரி கொஞ்சம் கஞ்சி. மூன்றாம் நாள் சாயங்காலம் சபைக்குக் கிளம்பும் முன் விரலைக் குத்திச் சீனி பார்த்தார். பல வருடங்களாக அந்தக் கருவி காட்டாத எண்ணைக் காட்டியது. வியாதி இல்லாதவர்களுக்கு வரும் எண். என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"பட்டினி கெடந்ததால இருக்கும்" என்றேன்.

"ஒனக்கு விசுவாசமே கெடையாது" என்றார்.

அன்றைக்கு அவர் சொன்ன சாட்சியைப் போல நான் கேட்டதில்லை. ஆண்டவர் என் இனிப்பு நீரை எடுத்துப் போட்டார் என்று அழுதுகொண்டே சொன்னார். சபை எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. யாரோ கைப்பேசியில் பிடித்துச் சபைக் குழுவில் போட்டார்கள். வீடு வந்து சேர்வதற்குள் அது பண்டார் பாருவில் இருக்கும் என் நாத்தனாரின் கைப்பேசிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. சாப்பிடாத உடம்பில் சீனி எங்கிருந்து ஏறும் என்று கேட்க, எங்கள் கூட்டத்தில் ஒரு தாதி இருந்திருக்கலாம். அன்றைக்குப் பார்த்து ஒருவரும் இல்லை.

மறுநாள் ரொட்டி சானாயும் தே தாரிக்கும் உள்ளே போனதும் எண் தன் பழைய இடத்துக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. அவர் கருவியை உறையில் போட்டு அலமாரியில் வைத்தார். சாட்சி சொன்ன ராத்திரியே விட்டிருந்த மாத்திரையைச் சத்தமில்லாமல் மறுபடி ஆரம்பித்தார். யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

"சபையில போய்ச் சொல்லிருங்க" என்றேன்.

"என்னான்னு சொல்ல? குடுத்தாரு, திரும்ப எடுத்துக்கிட்டாருன்னா?"

"நீங்க வெளங்கிக்கிட்டது தப்புன்னு சொல்லுங்க."

"நான் பொய் சொல்லல லா. கண்ணால பாத்தத சொன்னேன். விசுவாசத்துல சொன்னேன்."

அதிலும் நியாயம் இருந்தது. அன்றைக்கு அவர் பொய் சொல்லவில்லை. கண்ணீரில்கூடக் கலப்படம் இல்லை. ஆனால் உண்மையும் மூடி வைத்த சோறுதான். நேற்றைக்கு நன்றாக இருந்தது என்பதற்காக இன்றைக்கும் பரிமாற முடியாது. மூடியைத் திறந்து மோந்து பார்க்க வேண்டும். அவர் திறக்கவில்லை. நானும் நாலைந்து தடவை நச்சரித்துவிட்டு என் ஷிப்ட்டைப் பார்க்கப் போய்விட்டேன்.

சில மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை என் நாத்தனார் வந்தார். என் கணவருக்கு அக்கா, எனக்கு அண்ணி. தாய் தவறிய பிறகு இவரைத் தூக்கி வளர்த்தவர். தோட்டத்தில் மருந்து தெளித்து, பிறகு பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலையில் சமைத்து, தம்பியை லாரி லைசென்ஸ் எடுக்கும்வரை கொண்டுவந்து விட்டவர். அவருக்கும் இனிப்பு நீர், தம்பியைவிட அதிகம். காரை விட்டு இறங்கி என்னைக் கட்டிக்கொண்டபோதே ஒரு வாடை அடித்தது. மீன் வாடையோ என்று முதலில் நினைத்தேன். பிறகு குனிந்து அவர் காலைப் பார்த்தேன். வலது பாதத்தைத் துணியால் சுற்றியிருந்தார்.

"கால்ல என்னா அண்ணி?"

"ஒன்னுமில்லமா. செருப்பு கடிச்சிருச்சு."

துணியை அவிழ்க்கவைத்தேன். இரண்டு விரல்கள் கறுத்திருந்தன. இடையில் புண். அதன்மேல் மஞ்சளும் ஜெப எண்ணெயும் குழைத்துப் பூசியிருந்தார். நான் தொட்டேன். அவருக்குத் தொட்டது தெரியவில்லை.

"கிளினிக்குக்குப் போனீங்களா?"

"எதுக்கு? மாத்திரைய நிறுத்தி மாசக்கணக்காச்சே. தம்பிக்குச் செஞ்சவரு எனக்குச் செய்ய மாட்டாரா?"

சுடச்சுட ஏதாவது சொல்லியிருப்பேன், அந்த முகத்தில் இருந்த சந்தோஷம் என் வாயை அடைத்துவிட்டது. அவர் வந்ததே மறுநாள் சபையில் எழுந்து நின்று, கால் சுகமாகிவிட்டது என்று முன்கூட்டியே சாட்சி சொல்லத்தான். எங்களில் அப்படி ஒரு பழக்கம் உண்டு. சுகம் வருமுன்பே வந்துவிட்டதாகச் சொல்லிவிட்டால் அது வந்தே தீரும் என்பார்கள். அதற்கு விசுவாச அறிக்கை என்று பெயர்.

என் கணவர் லாரியை நிறுத்திவிட்டு வந்தார். அக்காவின் காலைப் பார்த்தார். உள்ளே போய்த் தன் மாத்திரைகளைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தார்.

"அக்கா, நான் இன்னும் உபாட் சாப்புடுறேன். எனக்குச் சொகமாகல. வா, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

அண்ணி சிரித்தார். "என்னைக் கூட்டிட்டுப் போறதுக்காகப் பொய் சொல்றியாடா? வீட்டுக்குள்ள ஆயிரம் பேசலாம். கர்த்தரோட சமுகத்துல எந்திரிச்சு நின்னு சொன்னதுதான் சாட்சி." கைப்பேசியை எடுத்து அந்த வீடியோவை ஓட்டினார். "பாரு, ஒன் மூஞ்சிய நீயே பாரு. இந்த மூஞ்சி பொய் சொல்லுமா?"

அன்று பகலெல்லாம் கெஞ்சினோம், மிரட்டினோம். அசையவில்லை. கிளினிக்குக்குப் போனால் ஆண்டவரைப் பொய்யராக்கியதாகும் என்றார். அந்தக் கால் போனாலும் போகுமே தவிர, தம்பியின் சாட்சியை அவர் விடுவதாக இல்லை.

எங்கள் பிரசங்கங்களில் பிசாசு அடிக்கடி வருவான். வியாதி கொண்டுவருவான், கடன் கொண்டுவருவான், குடியைக் கொண்டுவருவான். நானும் தலையாட்டுவேன். அன்றைக்கு அண்ணியின் காலடியில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு வேறுவிதமாகத் தோன்றியது. வியாதி வியாதிதான், எறும்புக்கும் வரும், பாஸ்டருக்கும் வரும். தீமை என்பது இந்தப் புண் அல்ல. புண்ணைப் புண் என்று சொல்லவிடாமல் வாயை மூடுகிறது பாருங்கள், அதுதான் தீமை. அது கொம்பும் வாலுமாக வராது, பாட்டோடும் கைதட்டலோடும் வரும். நல்லவர்கள் எல்லாரும் சேர்ந்து, ஒருத்தருக்கும் கெடுதல் நினைக்காமல், அதை ஊட்டி வளர்ப்பார்கள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆண்டவர்மேலும்தான்.

சாயங்காலம் பாஸ்டர் வீட்டுக்குப் போனோம். அவரைக் கெட்டவராக எழுதினால் எனக்கு வேலை சுலபம், ஆனால் அவர் நல்லவர். யார் வீட்டில் மரணம் என்றாலும் முதல் ஆளாக நாற்காலி தூக்குகிறவர். என் கணவர் விஷயத்தைச் சொன்னதும் முகம் வெளிறிப்போனார்.

"சிஸ்டர ஆஸ்பத்திரியில சேத்துருவோம் பிரதர், நானும் வந்து பேசுறேன். ஆனா சபையில எந்திரிச்சுச் சொல்ல வேணாம். நாளைக்குன்னு பாத்துப் புதுசா ஒரு குடும்பம் வருது. ஒங்க சாட்சியக் கேட்டுத்தான் வர்றாங்க. இடறி விழுந்துருவாங்க."

"நான் வீட்டுல சொன்னா அக்கா நம்ப மாட்டேங்குது பாஸ்டர். சபையில சொன்னாத்தான் நம்பும்."

"கொஞ்சம் பொறுத்து, பதமா..."

என் கணவர் மரியாதை தெரிந்தவர். பாஸ்டர் முன்னால் குரலை உயர்த்தி நான் பார்த்ததில்லை. அன்றும் உயர்த்தவில்லை. "விழுந்தா எந்திரிச்சுக்குவாங்க பாஸ்டர். எங்க அக்காவுக்கு எந்திரிக்கக் கால் இருக்காது" என்றார். பாஸ்டர் எங்களோடு வந்து அண்ணியிடம் கெஞ்சிப் பார்த்தார். அவருக்கும் அதே பதில்தான், அதே வீடியோதான்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணி மாடிப்படியை ஒவ்வொன்றாக, காலை இழுத்து இழுத்து ஏறினார். பெண்கள் பக்கம் கடைசி நாற்காலியில் உட்காரவைத்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் வாடைக்கு மூக்கைத் தடவிக்கொண்டார்கள். முன்வரிசையில் அந்தப் புதுக் குடும்பம், கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டையோடு. சாட்சி நேரம் வந்தது. அண்ணி நாற்காலியைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்தார். அதற்குள் என் கணவர் டோலக்கைக் கீழே வைத்துவிட்டு முன்னால் போய்விட்டார்.

"சாட்சி சொல்ல வரல. முன்ன சொன்ன சாட்சியத் திரும்ப வாங்க வந்துருக்கேன்."

எங்கள் சபையில் அப்படி ஒன்றை யாரும் செய்ததில்லை. என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. பழக்கதோஷத்தில் ஒருவர் "ஆமென்" என்றுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

"எனக்கு இனிப்பு நீர் போகல. அன்னிக்குப் பட்டினி கெடந்ததால சீனி எறங்கியிருந்துச்சு. அதச் சொகம்னு நெனச்சு அழுதேன். மறுநாளே ஏறிருச்சு. ஏறுனது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வாயத் தொறக்கல. ஏன்னா நீங்கல்லாம் கை தட்டுனது எனக்குப் புடிச்சிருந்துச்சு."

சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தார். ஒன்றைப் பிரித்து வாயில் போட்டு, பிரசங்க மேசையில் பாஸ்டருக்காக வைத்திருந்த தண்ணீரைக் குடித்தார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். கீழே டயர் கடையில் காற்றடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

கல்யாணமான நாளிலிருந்து இவர் என்னைப் பெருமைப்படுத்திய தருணங்கள் உண்டு. நல்ல குரல், குடி கிடையாது, என் அப்பாவின் கடைசிக் காலத்தில் குளிப்பாட்டிவிட்டது இவர்தான். அதெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். தனக்குக் கிடைத்த கைதட்டலைத் தன் கையாலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, வெறும் ஆளாக நின்ற அந்த மனிதரைப் பார்த்தபோது, இவர் என் புருஷன் என்று எழுந்து சொல்ல வேண்டும் போல இருந்தது.

அமைதியை உடைத்தது அண்ணிதான். உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டார். "அப்ப ஆண்டவரு ஒனக்கு ஒன்னுமே செய்யலியாடா?"

சபை மொத்தமும் திரும்பியது.

"மாத்திர குடுத்தாரு அக்கா. கிளினிக் குடுத்தாரு. ஒன்னக் குடுத்தாரு. அதுக்கு மேல ஏன் செய்யலன்னு எனக்குத் தெரியல. கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன், பதில் வரல. ஆனா ஒன் கால அவரு கேக்கல. அது மட்டும் எனக்கு நல்லாத் தெரியும்."

எத்தனையோ வேதபாட வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறேன். துன்பம் ஏன் என்பதற்குப் பதில்கள் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நம்மைப் புடமிடுவதற்கு, பாடம் கற்பிப்பதற்கு, மறைவான பாவத்தைக் காட்டுவதற்கு. எல்லாவற்றிலும் ஓட்டை உண்டு. என் தொழில் அது, எனக்குத் தெரியும். தோட்டத்தில் மருந்து தெளித்துத் தெளித்து இருமியே செத்தவர்களிடம் எந்தப் பாவத்தைப் போய்த் தேடுவது? என் கணவர் சொன்ன "தெரியல" மட்டும்தான் என் கையில் ஒழுகாமல் நின்றது. சிலுவையில் தொங்கியவரும் நான் சுகமாக இருக்கிறேன் என்று அறிக்கை செய்யவில்லையே. ஏன் என்னைக் கைவிட்டீர் என்று ஊர் கேட்கக் கத்தினார். உயிர்த்தெழுந்து வந்தபோதும் காயம் இல்லாத கையோடு வரவில்லை. ஆணி அடித்த இடத்தைக் காட்டித்தான் தன்னை அடையாளம் சொன்னார். அப்படிப்பட்டவரைக் காப்பாற்ற நாம் ஏன் காயத்தை மூடி மறைக்கிறோம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அப்போது பெண்கள் பக்கத்தில் இன்னொருவர் எழுந்தார். என்னோடு அதே தொழிற்சாலையில் வேலை செய்கிறவர். "என் மகன் குடிய விட்டுட்டான்னு போன வருஷம் சொன்னேன். விடல. வீட்டுல அடிக்கிறான்" என்றார். சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். யாரும் மேளம் தட்டவில்லை. பாஸ்டரின் மனைவி எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். பாஸ்டர் மேசையருகே நின்றவர், பிரசங்கக் குறிப்பை மடித்துப் பையில் வைத்தார். கண்களைத் துடைத்துக்கொண்டு, "இன்னிக்கு நான் பேசல" என்றார். அவரைப் பற்றியும் எனக்கு அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அண்ணி தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் கோபமா துக்கமா என்று சொல்லமுடியவில்லை. கடைசியில் என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "சரி. காடிய எடு" என்றார்.

கூலிம் ஆஸ்பத்திரிக்குக் காரில் கொண்டுபோனோம். இரண்டு விரல்களை எடுத்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். சபையில் இரண்டு வீட்டார் எங்களோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். என் கணவர் விசுவாசத்தைக் கெடுத்துவிட்டாராம். அந்தப் புதுக் குடும்பம் மறு வாரமும் வந்தது. ஏன் வந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. வந்தார்களே என்று நாற்காலி எடுத்துப் போட்டேன்.

ஆபரேஷன் முடிந்து சில நாள் அண்ணி எங்களோடு சரியாகப் பேசவில்லை. நாங்கள் கொண்டுபோன கஞ்சியைக் குடிப்பார், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். ஜெபம் பண்ணலாமா என்று கேட்டால் வேண்டாம் என்று கையை ஆட்டுவார். எதற்கெடுத்தாலும் ஸ்தோத்திரம் சொல்கிற பெண்மணி. ஒரு மத்தியானம் தானாகவே வாயைத் திறந்தார்.

"நான் இப்ப ஆண்டவரோட பேசுறதில்லடா."

"பரவால்ல அக்கா" என்றார் என் கணவர். "பேசலன்னு அவருகிட்டயே சொல்லிரு."

அண்ணி அவரை முறைத்தார். பிறகு, கண்ணை மூடாமல், கையைக் கூப்பாமல், கூரையில் சுற்றுகிற காற்றாடியைப் பார்த்துக்கொண்டு ஆரம்பித்தார். குரல் ஏறியது. பக்கத்துக் கட்டிலில் இருந்த மலாய்க்கார அம்மா திரும்பிப் பார்த்தார். தாதி ஓடிவந்து, "சாக்கிட் கா, மக்சிக்?" என்று வலிக்கிறதா எனக் கேட்டாள். அண்ணி அவளிடம் "சாக்கிட். பாஞாக் சாக்கிட்" என்று ரொம்ப வலிக்கிறதாகச் சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

"கர்த்தாவே, ஒங்க மேல எனக்குக் கோவம். சின்னக் கோவம் இல்ல. ஒங்கள நம்பித்தான் மாத்திரைய விட்டேன். நீங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். இவன் வாயால சொல்றதுக்கு இத்தன நாளா? காலக் காப்பாத்திட்டீங்க, அதுக்கு நன்றி. வெரலு போனதுக்கு நன்றி சொல்ல மாட்டேன். அதச் சொன்னாப் பொய்யி."

அதோடு நிறுத்திக்கொண்டார். என் கணவர் ஆமென் என்றார். இத்தனை வருடத்தில் அண்ணியின் வாயிலிருந்து நூற்றுக்கணக்கில் ஜெபங்கள் கேட்டிருக்கிறேன். ஓட்டை தேடத் தோன்றாத ஜெபம் அது ஒன்றுதான். நானும் சத்தமாகவே ஆமென் சொன்னேன்.